மின்னஞ்சலுக்கு மாற்று சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்னஞ்சலைச் சொந்த சர்வரில் நடத்தும் சிறு நிறுவனங்களிலிருந்து இம்முறை ஒரே பொருளைச் சுற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. முதன்மை சர்வர் நின்றுபோனால் அதற்குத் துணையாக இன்னொன்றை எப்படி அமைப்பது என்பதே அந்தப் பொருள். அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம். இருபது பேர் பணிபுரியும் நிறுவனம் ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. எங்கள் மின்னஞ்சல் சர்வர் அலுவலகத்திலேயே லினக்ஸில் இயங்குகிறது. அண்மையில் இணைய இணைப்பு அறுந்து ஒன்றரை நாள் வரை சரியாகவில்லை. அந்த நேரத்தில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய அஞ்சல்கள் எல்லாம் தொலைந்திருக்கும் என்று முதலாளி வருந்துகிறார். உடனே இரண்டாவது சர்வர் ஒன்றை வைக்கும்படி சொல்கிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அந்த ஒன்றரை நாளில் உண்மையில் எத்தனை அஞ்சல்கள் தொலைந்தன என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அநேகமாக ஒன்றும் தொலைந்திருக்காது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை, எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் அஞ்சலைத் தூக்கியெறிவதில்லை. அனுப்பும் சர்வரே அதைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. இந்த நெறிமுறையை வரையறுக்கும், 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 ஆவணம், ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும் என்றும், கைவிடுவதற்கு முன் பொதுவாகக் குறைந்தது 4 முதல் 5 நாள் வரை காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள்கள் இரண்டும் யாரும் எதையும் மாற்றாத நிலையில் 5 நாள் காத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் அந்தக் காலம் 2 நாள். ஆக, ஒன்றரை நாள் துண்டிப்பை ஒழுங்காக அமைந்த எந்த சர்வரும் தாங்கியிருக்கும். இணைப்பு திரும்பிய பிறகான முதல் சில மணி நேர லாகை, அதாவது சர்வரின் செயல்பதிவைத் திறந்து பாருங்கள். காத்திருந்த அஞ்சல்கள் அலையலையாக வந்து சேர்ந்திருப்பது தெரியும். முதலாளியிடம் அதையே காட்டலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பும் சேவைகள், மொத்தமாகச் செய்திமடல் அனுப்பும் நிறுவனங்கள், அவசரமாக எழுதப்பட்ட ஏதோ ஒரு செயலியிலிருந்து நேராகப் புறப்படும் தானியங்கி அஞ்சல்கள் ஆகியவை சில மணி நேரத்திலேயே, சில வேளைகளில் முதல் முயற்சியிலேயே, கைவிட்டுவிடுவதுண்டு. உங்கள் தொழிலுக்கு வரும் ஆர்டர்கள் அப்படிப்பட்ட செயலிகள் வழியாக வருகின்றனவா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சர்வர் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்த சர்வர் ஏற்கும் என்பதை, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவாக எழுதிவைக்கும் முறை 1986இல் ஆர்எஃப்சி 974 வழியாக வரையறுக்கப்பட்டது. அன்று பல இடங்கள் நாள் முழுதும் இணைப்பில் இருக்கவில்லை. டயல் செய்து, அஞ்சலை எடுத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துக்கொண்டன. அவர்களுக்காக எப்போதும் விழித்திருக்கும் ஒரு சர்வர் அஞ்சலை வாங்கி வைப்பது இன்றியமையாத சேவையாக இருந்தது. இன்று பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

அடுத்தது, மாற்று சர்வர் எதைச் செய்யாது என்பது. வீட்டில் ஆளில்லாதபோது பக்கத்து வீட்டுக்காரர் தபாலை வாங்கி வைத்திருப்பார். ஆனால் நீங்கள் திரும்பி வரும்வரை அதைப் படிக்க முடியாது. மாற்று சர்வரின் வேலையும் அவ்வளவுதான். அஞ்சலைத் தன் வரிசையில் வைத்திருந்து, முதன்மை சர்வர் எழுந்ததும் ஒப்படைக்கும். துண்டிப்பு நீடிக்கும் நேரம் முழுவதும் உங்கள் ஊழியர்கள் புதிய அஞ்சலைப் பார்க்க முடியாது, பழையதைத் தேட முடியாது, பதில் அனுப்பவும் முடியாது. அனுப்பியவருக்கோ அஞ்சல் சேர்ந்துவிட்டது என்றே தோன்றும். மாற்று சர்வர் இல்லாதிருந்தால் அவருடைய சர்வர் சில மணி நேரம் கழித்து, அஞ்சல் இன்னும் சேரவில்லை என்று அவருக்கு அறிவித்திருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்சேஞ்ச் இதை 4 மணி நேரத்தில் செய்கிறது. அறிவிப்பு கிடைத்த வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைப்பார். கிடைக்காதவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து, நீங்கள் பொருட்படுத்தவில்லை என்று எண்ணிக்கொள்வார். இரண்டாவது சர்வர் வைப்போர் இந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

அப்படியானால் எப்போது அது பயன்படும்? துண்டிப்பு பல நாள் நீடிக்கக்கூடிய இடத்தில் சர்வர் இருந்தால் பயன்படும். மற்றவர்களுடைய வரிசையில் கிடக்கும் அஞ்சல் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் சொந்த மாற்று சர்வரின் வரிசையில் இருந்தால், முதன்மை சர்வர் எழுந்த நிமிடமே அனைத்தையும் தள்ளிவிடலாம். இந்தக் கட்டுப்பாடு முக்கியம் என்று கருதினாலும் பயன்படும். ஆனால் ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகளுக்கு வேறோர் இடத்தில் நம்பகமான பேக்அப் இன்னும் இல்லையென்றால், இரண்டாவது சர்வரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இணைப்பு அறுந்தால் அஞ்சல் தாமதமாகும், அவ்வளவே. ஹார்ட் டிஸ்க் போனால் பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்து ஒரே நாளில் இல்லாமல் போய்விடும்.

கேள்வி: நாங்கள் எல்லாவற்றையும் ஆலோசித்து, மாற்று சர்வர் வேண்டும் என்றே முடிவு செய்துவிட்டோம். வேறொரு தரவு மையத்தில் சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்து அதில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவியிருக்கிறோம். முதன்மை சர்வரிலும் போஸ்ட்ஃபிக்ஸ்தான். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: வேறொரு தரவு மையத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஒரே கட்டடம், ஒரே மின்சாரம், ஒரே இணைய நிறுவனம் என்று இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். டிஎன்எஸ் சர்வர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் டொமைனின் பெயர் சர்வர்கள் இரண்டும் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால், மாற்று சர்வர் எங்கே இருக்கிறது என்பதை வெளியுலகம் தெரிந்துகொள்ளவே முடியாது.

எம்எக்ஸ் பதிவில் எண் குறைந்தவருக்கே முன்னுரிமை. முதன்மைக்கு 10, மாற்றுக்கு 20 என்று கொடுங்கள். அந்தப் பதிவு ஒரு சர்வரின் பெயரைத்தான் குறிக்க வேண்டும். ஐபி முகவரியை நேராக எழுதுவதும், வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் சிநேம் பதிவைச் சுட்டுவதும் தவறு. சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது என்பதால் இந்தத் தவறு பல மாதம் வெளியே தெரியாமலே கிடக்கும்.

மாற்று சர்வரின் போஸ்ட்ஃபிக்ஸில் உங்கள் டொமைனை ‘ரிலே டொமைன்ஸ்’ என்ற பட்டியலில் சேர்க்க வேண்டும். ‘மை டெஸ்டினேஷன்’ பட்டியலில் சேர்க்கக் கூடாது. பின்னதில் சேர்த்தால், அந்த டொமைனின் இறுதி இருப்பிடம் தானே என்று நினைத்துக்கொண்டு, உள்ளே அப்படி ஒரு பயனர் இல்லை என்று சொல்லி அது அஞ்சலை மறுத்துவிடும். எந்த டொமைனின் அஞ்சல் எங்கே செல்ல வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் முதன்மை சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொடுங்கள். அப்போது அது எம்எக்ஸைத் தேடாமல் நேராக அங்கே செல்லும். வரிசையில் வைத்திருக்கும் காலம் இயல்பாக 5 நாள் என்று முன்பே சொன்னேன். மாற்று சர்வர் வைப்பதன் நோக்கமே நீண்ட துண்டிப்பைத் தாங்குவது என்பதால், இதை 10 நாளுக்கோ அதற்கு மேலோ உயர்த்தலாம்.

இனி வருவதுதான் மிக முக்கியமானது. எந்தெந்த முகவரிகள் உண்மையில் உங்களிடம் இருக்கின்றன என்ற பட்டியல் மாற்று சர்வரிடமும் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாத மாற்று சர்வர், உங்கள் டொமைனின் பெயரில் எந்தக் கற்பனை முகவரிக்கு வந்தாலும் ‘250’ என்று தலையாட்டி அஞ்சலை ஏற்றுக்கொள்ளும். பிறகு முதன்மை சர்வரிடம் கொடுக்கும்போது, ‘550, அப்படி ஒரு பயனர் இல்லை’ என்ற பதில் வரும். ஏற்றுக்கொண்ட அஞ்சலுக்கு மாற்று சர்வர் பொறுப்பாளி ஆகிவிட்டதால், அனுப்பியவருக்குத் திருப்பியனுப்பும் அறிவிப்பை அது எழுதியாக வேண்டும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அனுப்புநர் இடத்தில் யாரோ ஓர் அப்பாவியின் முகவரியைப் போட்டிருப்பார்கள். ஆக, உங்கள் சர்வர் சம்பந்தமே இல்லாத மனிதர்களுக்கு ஆயிரக்கணக்கில் குப்பையை அனுப்பத் தொடங்கும். ‘பேக்ஸ்கேட்டர்’ என்று சர்வர் நிர்வாகிகள் இதைச் சொல்வார்கள். சில நாளில் அந்த ஐபி முகவரி தடைப்பட்டியல்களில் ஏறிவிடும். சிறு நிறுவனங்களின் மாற்று சர்வர்கள் கெட்ட பெயர் எடுப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு குறைபாடே காரணம்.

போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கென்று ‘ரிலே ரெசிபியன்ட் மேப்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. முதன்மை சர்வரிலிருந்து முகவரிப் பட்டியலை ஒரு சிறு ஸ்கிரிப்ட் மணிக்கொரு முறை எடுத்து, மாற்று சர்வரில் அந்த அட்டவணையைப் புதுப்பித்தால் போதும். அந்த ஸ்கிரிப்டில் ஒரு பாதுகாப்பை மறக்காமல் வையுங்கள்: வந்த கோப்பு காலியாக இருந்தாலோ, பழையதைவிட மிகவும் சுருங்கியிருந்தாலோ, அதை ஏற்காமல் பழையதையே வைத்துக்கொண்டு உங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். காலிக் கோப்பு ஒன்று அங்கே போய் அமர்ந்துவிட்டால், முதன்மை சர்வர் விழும் நாளில் மாற்று சர்வர் உங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வரும் அஞ்சலை ‘550’ சொல்லித் திருப்பியனுப்பிக்கொண்டிருக்கும். பட்டியலை அனுப்ப வசதியில்லாதவர்கள், முகவரி உண்டா இல்லையா என்று மாற்று சர்வரே முதன்மையிடம் கேட்டறிந்து நினைவில் வைத்துக்கொள்ளும்படியும் போஸ்ட்ஃபிக்ஸை அமைக்கலாம். உண்டு என்று அறிந்த முகவரியை அது 31 நாள் வரை நினைவில் வைத்திருக்கும். அதற்குள் ஒருமுறைகூட மாற்று சர்வர் வழியாக அஞ்சல் வராத முகவரிக்கு, முதன்மை விழுந்திருக்கும்போது, தற்காலிக மறுப்புதான் கிடைக்கும். நான் பட்டியல் முறையையே பரிந்துரைப்பேன்.

முதன்மை சர்வரின் பக்கமும் மாற்றங்கள் தேவை. மாற்று சர்வர் ஒப்படைக்கும் அஞ்சல் எதுவானாலும், முதன்மையின் கண்ணுக்கு அது மாற்று சர்வரின் ஐபி முகவரியிலிருந்து வந்ததாகவே தெரியும். அங்கே எஸ்பிஎஃப் சோதனை வைத்திருந்தால், அனுப்பியவரின் டொமைன் அந்த ஐபி முகவரியை அனுமதிக்கவில்லை என்று சொல்லி நல்ல அஞ்சலையும் மறுக்கும். புதியவரின் அஞ்சலை முதல்முறை தற்காலிகமாக மறுக்கும் கிரேலிஸ்டிங், தடைப்பட்டியல் சோதனை, ஒரே இடத்திலிருந்து வரும் இணைப்புகளின் எண்ணிக்கை வரம்பு ஆகிய அனைத்திலிருந்தும் அந்த ஒரு முகவரிக்கு விலக்கு அளிக்க வேண்டும். பலர் சுருக்க வழியாக அதை, போஸ்ட்ஃபிக்ஸ் முழுதும் நம்பும் முகவரிகளுக்கான ‘மை நெட்வொர்க்ஸ்’ பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால், மாற்று சர்வரை யாராவது கைப்பற்றும் நாளில் முதன்மை சர்வர் வழியாக உலகம் முழுவதற்கும் அஞ்சல் அனுப்ப அவருக்கு உரிமை கிடைத்துவிடும். அந்நிய டொமைன்களுக்கான அஞ்சலை மறுக்கும் விதிக்குப் பின்னால், இந்த ஐபி முகவரியை அனுமதிக்கும் விதியைத் தனியாக எழுதுவதே பாதுகாப்பானது. மேலும், மாற்று சர்வர் வழியாக வந்த அஞ்சல் ஸ்பேம் என்று முதன்மை கருதினால், அதை மறுக்காமல் ஸ்பேம் ஃபோல்டரில் போட வேண்டும். மறுத்தால் மேலே சொன்ன திருப்பியனுப்பும் சிக்கல் திரும்ப வரும்.

வாடகை சர்வர்களில் இன்னொரு தடை உண்டு. சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் கொடுக்கும் 25ஆம் போர்ட் வழியாக வெளியே செல்லும் இணைப்பைப் பல கிளவுட் நிறுவனங்கள் இயல்பாகவே மூடிவைத்திருக்கின்றன. கூகுள் கிளவுடில் அது பெரும்பாலும் அடைபட்டே இருக்கும்; அமேசானில் விண்ணப்பித்துத் திறக்க வேண்டும். உள்ளே வரும் இணைப்புக்குத் தடையில்லை என்பதால் மாற்று சர்வர் அஞ்சலை ஏற்கும். ஆனால் முதன்மையிடம் ஒப்படைக்க முடியாமல் திணறும். முதன்மை சர்வரில் வேறொரு போர்ட்டைத் திறந்து, மாற்று சர்வரின் ஐபி முகவரியை மட்டும் அதில் அனுமதிக்கலாம். அல்லது இரண்டுக்கும் இடையே விபிஎன் போடலாம்.

இணைப்பை மறைகுறியாக்க உதவும் டிஎல்எஸ் சான்றிதழ் மாற்று சர்வருக்கும் அதன் சொந்தப் பெயரில் வேண்டும். அஞ்சலைக் குறிப்பிட்ட சர்வர்களிடம் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று அறிவிக்கும் எம்டிஏ-எஸ்டிஎஸ் கொள்கையை வெளியிட்டிருக்கிறீர்கள் என்றால் அதில் மாற்று சர்வரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால், அந்தக் கொள்கையை மதிக்கும் பெரிய சேவைகள் அங்கே அஞ்சலைக் கொடுக்கவே மாட்டா.

கேள்வி: மாற்று சர்வரை வைத்த நாளிலிருந்து ஸ்பேம் கூடிவிட்டது. முதன்மை சர்வர் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்று சர்வருக்கு ஏன் அஞ்சல்கள் வருகின்றன?

பதில்: ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் முன்னுரிமை விதியை மதிப்பதில்லை. எண் அதிகமான சர்வரில் வடிகட்டல் தளர்வாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே அங்கே முதலில் செல்கின்றன. முதன்மையில் இருக்கும் எல்லாச் சோதனைகளும், அதாவது தடைப்பட்டியல், எஸ்பிஎஃப், ஸ்பேம் வடிகட்டி, இணைப்பு வரம்பு எல்லாமே, மாற்றிலும் அதே கண்டிப்போடு இருக்க வேண்டும். சொல்லப்போனால் அங்கேதான் அவை கூடுதலாகத் தேவை. ஏனெனில் அனுப்பியவரின் உண்மையான ஐபி முகவரி மாற்று சர்வருக்கு மட்டுமே நேரடியாகத் தெரியும். வடிகட்டி மென்பொருளின் விதிகளை முதன்மையில் புதுப்பிக்கும்போதெல்லாம் மாற்றிலும் புதுப்பிக்கும்படி தானியங்கியாகச் செய்துவிடுங்கள். இரண்டு சர்வரையும் ஒரே அளவு அக்கறையோடு பராமரிக்க ஆளோ நேரமோ இல்லை என்றால், மாற்று சர்வரின் எம்எக்ஸ் பதிவை நீக்கிவிடுவதே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: எங்கள் மின்னஞ்சல் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் இருக்கிறது. நாங்களும் இரண்டாவது எம்எக்ஸ் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அங்கே ஒரு பெயருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருக்கின்றன. நீங்கள் நடுவில் சேர்க்கும் சர்வர் அவர்களுடைய ஸ்பேம் வடிகட்டலைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்க வேண்டும். நிர்வாகிக் கணக்கு ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கிறதா, அவர் வேலையை விட்டுச் சென்றால் யார் நுழைவார்கள், டொமைன் பதிவைப் புதுப்பிக்கும் நினைவூட்டல் அதே டொமைனின் முகவரிக்கே வருகிறதா, அஞ்சல் பெட்டிகளின் பிரதி அந்தச் சேவைக்கு வெளியே எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சர்வரில் ரெய்டு முறையில் இரண்டு டிஸ்குகள் இருக்கின்றன. அத்துடன், அஞ்சல் பெட்டிகள் அனைத்தும் இன்னொரு கணினிக்கு உடனுக்குடன் சிங்க் ஆகின்றன. இதற்கு மேலும் பேக்அப் தேவையா?

பதில்: தேவை. ரெய்டு ஒரு டிஸ்க் பழுதாவதிலிருந்து காக்கிறது. சிங்க் ஒரு கணினி பழுதாவதிலிருந்து காக்கிறது. ஓர் ஊழியர் தன் இன்பாக்ஸைத் தவறுதலாக அழித்துவிட்டாலோ, ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டாலோ, அந்த அழிவும் சில நொடிகளில் மறுபக்கத்துக்குச் சென்றுவிடும். நேற்றைய நிலை, சென்ற வார நிலை, சென்ற மாத நிலை என்று பின்னோக்கிச் செல்ல முடிகிற பிரதிகளையே பேக்அப் என்று சொல்ல முடியும். அவற்றில் ஒன்றாவது, முதன்மை சர்வரின் கடவுச்சொல்லைக் கொண்டு அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

அஞ்சல்கள் எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன என்பதையும் பாருங்கள். மெயில்டிர் வடிவில் ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு. படித்தாயிற்றா, பதில் அனுப்பியாயிற்றா என்ற குறிகள்கூடக் கோப்பின் பெயரிலேயே இருக்கும். ஆகவே அன்றன்று புதிதாக வந்தவற்றை மட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு எளிதாக எடுக்கலாம். பழைய எம்பாக்ஸ் வடிவில் ஒரு ஃபோல்டர் முழுவதும் ஒரே கோப்பு என்பதால், ஓர் அஞ்சல் வந்தாலும் முழுக் கோப்பும் மாறியதாகவே பேக்அப் மென்பொருள் கருதும். எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அரைகுறைப் பிரதி கிடைக்கும் ஆபத்தும் உண்டு. அஞ்சல் பெட்டிகளை ஊழியர்களுக்குத் திறந்துதரும் டவ்காட் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதனுடன் வரும் ‘டவ்அட்ம் பேக்அப்’ கட்டளையால் பெட்டி வாரியாகப் பிரதி எடுக்கலாம். இரண்டு டவ்காட் சர்வர்களைத் தொடர்ந்து ஒத்திசைத்த பழைய ரெப்ளிகேஷன் வசதி 2.4 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பியிருப்பவர்கள் மேம்படுத்துவதற்கு முன்பே மாற்று வழியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அஞ்சல் பெட்டிகளுடன் சேர்த்து எடுக்க வேண்டியவையும் சில உண்டு: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகள், மாற்றுப் பெயர்களின் பட்டியல், பயனர் கணக்குகள், டிஎல்எஸ் சாவிகள், வெளியே செல்லும் அஞ்சலில் இடப்படும் டிகேஐஎம் கையொப்பத்துக்கான ரகசியச் சாவி, டிஎன்எஸ் பதிவுகளின் நகல். அஞ்சல்கள் பத்திரமாக இருந்தும், இந்தச் சில சிறு கோப்புகள் இல்லாததால் சர்வரை மீண்டும் எழுப்ப நாள்கணக்கில் அலைய நேரும். மாதம் ஒருமுறையாவது ஒரு பெட்டியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, ஃபோல்டர்களும் இணைப்புக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று உண்மையான அஞ்சல்களைத் திறந்தே பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் மாற்று சர்வர் சரியாகவே அமைந்திருந்தது. ஆனாலும் ஒருநாள் முதன்மை சர்வரில் பயனர் அட்டவணை கெட்டுப்போனதால் வந்த அஞ்சல்கள் அனைத்தும் ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று திருப்பியனுப்பப்பட்டன. மாற்று சர்வருக்கு ஒன்றுகூடச் செல்லவில்லை. ஏன்?

பதில்: அனுப்பும் சர்வர் அடுத்த எம்எக்ஸைத் தேடிச் செல்வது, முதலாவது சர்வருடன் இணைப்பே கிடைக்காதபோதோ, அது 4இல் தொடங்கும் எண்ணைச் சொல்லித் தற்காலிகமாக மறுக்கும்போதோதான். 5இல் தொடங்கும் எண் இறுதித் தீர்ப்பு. ‘550’ என்று உங்கள் சர்வரே சொல்லிவிட்டால், அனுப்பும் சர்வர் அதை நம்பி, வேறு யாரிடமும் கேட்காமல் அஞ்சலைத் திருப்பிவிடும். எத்தனை மாற்று சர்வர்கள் வைத்திருந்தாலும் இந்த நிலையில் பயனில்லை. பயனர் தகவல் இருக்கும் எல்டேப் சர்வருடன் தொடர்பே அறுந்திருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் ‘451’ என்று தற்காலிகமாகவே மறுத்திருக்கும். உங்கள் அட்டவணை திறக்கும்படி இருந்து உள்ளே விவரங்கள் மட்டும் இல்லாமல் போயிருப்பதால்தான், பயனர் உண்மையிலேயே இல்லை என்ற முடிவுக்கு அது வந்திருக்கிறது.

முற்றிலும் விழுந்துவிட்ட சர்வரைவிட, பாதி உயிரோடு இருந்து தவறான பதில் சொல்லும் சர்வர் மிகுந்த கேடு செய்கிறது. அப்படி ஒரு கோளாறைக் கண்டதும், காரணத்தை ஆராய்வதற்கு முன்பே போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிடுங்கள். நிறுத்திய நொடியிலிருந்து வெளியில் உள்ள எல்லா சர்வர்களும் பொறுமையாகக் காத்திருக்கும் அல்லது மாற்று சர்வரிடம் செல்லும். நிறுத்த முடியாத சூழல் என்றால் ‘சாஃப்ட் பவுன்ஸ்’ என்ற அமைப்பை இயக்குங்கள். அது இருக்கும்வரை 5இல் தொடங்கும் மறுப்புகளை போஸ்ட்ஃபிக்ஸ் 4இல் தொடங்குபவையாக மாற்றிச் சொல்லும். சர்வரை வேறிடத்துக்கு மாற்றும் நாளிலும், பெரிய அமைப்பு மாற்றம் செய்யும் நாளிலும் இதை முன்கூட்டியே இயக்கிவைத்து, எல்லாம் சரி என்று கண்டபின் அணைப்பது நல்ல பழக்கம். அணைக்க மறந்தால், தவறான முகவரிக்கு எழுதியவர் தன் தவறை அறியாமல் நாள்கணக்கில் காத்திருப்பார்.

கேள்வி: எல்லாம் அமைத்துவிட்டோம். உண்மையில் வேலை செய்யுமா என்பதை எப்படிச் சோதிப்பது?

பதில்: ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேலை நேரத்திலேயே சோதியுங்கள், ஏதாவது பிசகினால் உடனே கவனிக்க ஆள் இருக்கும். முதன்மை சர்வரின் ஃபயர்வாலில் 25ஆம் போர்ட்டையும், மாற்று சர்வருக்கென்று தனியாகத் திறந்த போர்ட் இருந்தால் அதையும் மூடுங்கள். வெளியே உள்ள இரண்டு மூன்று வெவ்வேறு சேவைகளிலிருந்து உங்கள் முகவரிக்கு அஞ்சல் அனுப்புங்கள். இல்லாத முகவரி ஒன்றுக்கும் அனுப்புங்கள். மாற்று சர்வரில் ‘மெயில்க்யூ’ கட்டளையைக் கொடுத்தால், நல்ல அஞ்சல்கள் வரிசையில் நிற்பதும், எதிர்முனையுடன் இணைக்க முடியவில்லை என்ற காரணம் அவற்றின் கீழே எழுதப்பட்டிருப்பதும் தெரிய வேண்டும். இல்லாத முகவரிக்கு அனுப்பியது வரிசையில் இருக்கவே கூடாது; அனுப்பிய இடத்திலேயே உடனே மறுக்கப்பட்டிருக்க வேண்டும். அது வரிசையில் இருந்தால் முகவரிப் பட்டியல் வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஒரு மணி நேரம் கழித்துப் போர்ட்டைத் திறந்து, மாற்று சர்வரில் ‘போஸ்ட்க்யூ’ கட்டளைக்கு வரிசையைக் காலி செய்யும் விருப்பத்தைச் சேர்த்துக் கொடுங்கள். அஞ்சல்கள் சேர்ந்ததும் ஒன்றைத் திறந்து அதன் தலைப்பு வரிகளைப் பாருங்கள். ‘ரிசீவ்டு’ வரிகளில் மேலே முதன்மை சர்வரும், அதற்குக் கீழே மாற்று சர்வரும், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடும் இருக்கும். அஞ்சல் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்திருந்தால், முதன்மை சர்வரில் விலக்கு அளிக்க வேண்டிய சோதனை ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. எந்தச் சோதனை என்பதை அன்றைய லாகே சொல்லும்.

இவற்றுடன், மாற்று சர்வரின் வரிசையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அஞ்சல் தேங்கினால் உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். அந்த எச்சரிக்கை மின்னஞ்சலாக மட்டும் வரக் கூடாது. குறுஞ்செய்தியாகவோ வேறு வழியிலோ வர வேண்டும். முதன்மை சர்வர் எழுந்த பிறகும் வரிசை குறையாமல் இருப்பதுதான் அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் கோளாறு. வரிசையின் காலக்கெடு முடியும் நாள்வரை யாரும் பார்க்காவிட்டால், அத்தனை அஞ்சல்களும் ஒரே நேரத்தில் அனுப்பியவர்களுக்குத் திரும்பிச் சென்றுவிடும்.